தகடும் பதிவேடும்



போன மாதம் என் பேத்தி ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினாள். நம்பர் பிளேட் மாட்டி வண்டி கைக்கு வந்த மறுநாள், எங்கள் ஊர் வழக்கப்படி மணக்குள விநாயகர் கோயிலுக்குப் பூஜைக்குக் கொண்டுபோனோம். குருக்கள் தேங்காய் உடைத்தார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சந்தனக் கிண்ணத்தோடு வண்டிக்கு முன்னால் வந்து நம்பர் பிளேட்டில் பொட்டு வைக்கக் கையை நீட்டினார். "சாமி, நம்பர் மேல வேணாம், ஹேண்டில்பார்ல வைங்க" என்றேன். குருக்கள் சிரித்துவிட்டார். பேத்தி, "தாத்தா, ரிட்டயர் ஆகிப் பதினைஞ்சு வருஷமாச்சு, இன்னும் ஆபீஸை விட்டு வரலியா?" என்றாள்.

அவள் சொல்வதும் சரிதான். முப்பத்தெட்டு வருட அரசு உத்தியோகத்தில் எல்.டி.சி.யாகவும் யு.டி.சி.யாகவும் பல துறைகளில் இருந்திருக்கிறேன். அதில் ஆறு வருடம் வண்டிப் பதிவுப் பிரிவில். மற்ற துறைகளில் பார்த்த வேலையெல்லாம் மறந்துபோனது. இந்த ஆறு வருடம் மட்டும் மறக்கவில்லை. இன்றும் சாலையில் போகும் வண்டியின் முகத்தைப் பார்க்க மாட்டேன், நம்பரைத்தான் பார்ப்பேன்.

கோயிலிலிருந்து திரும்பி வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, "உன் பழைய வண்டி என்னாச்சும்மா?" என்று கேட்டேன். "மெக்கானிக்குக்குத் தெரிஞ்ச ஒருத்தர் எடுத்துக்கிட்டார் தாத்தா. ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். பேரை அவங்களே மாத்திக்குவாங்களாம்" என்றாள்.

எனக்குக் காப்பி இறங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். நம்பர் பிளேட்டுக்குப் பிரெஞ்சில் 'பிளாக் மினெராலொழிக்' என்று பெயர். அப்படியே தமிழில் சொன்னால் 'கனிமத் தகடு'. வண்டிக்கும் கனிமத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிறுவயதில் குழம்பியிருக்கிறேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. 1901-ல் பிரான்சில் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய வண்டிகளுக்கு நம்பர் வேண்டும் என்று ஆணை வந்தபோது, அந்த நம்பரைக் கொடுக்கும் வேலை சுரங்கத் துறை இன்ஜினியர்களிடம் போயிற்று. அன்றைக்கு இயந்திரம் தெரிந்த அரசு ஊழியர்கள் அவர்கள்தான். சுரங்கத் துறை கைவிட்டுப் போன பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதற்கும் எட்டு வருடம் முன்பே, 1893 ஆகஸ்ட் 14-ஆம் தேதி, பாரிஸ் போலீஸ் ஓர் உத்தரவு போட்டது. மோட்டார் வண்டி ஒவ்வொன்றிலும் ஓர் உலோகத் தகடு இருக்க வேண்டும்; அதில் சொந்தக்காரர் பெயர், முகவரி, அனுமதி எண் மூன்றும் படிக்கும்படி எழுதியிருக்க வேண்டும்; அதை எதுவும் மறைக்கக் கூடாது. உலகத்தின் முதல் நம்பர் பிளேட் இதுதான் என்று சொல்வார்கள். பெயரும் முகவரியும் அந்தத் தகட்டிலேயே இருந்தன என்பதைக் கவனியுங்கள். வண்டிகள் பெருகியதும் அவ்வளவையும் தகட்டில் எழுத முடியாது, ஓடுகிற வண்டியில் யாரும் படிக்கவும் முடியாது. அதனால் நம்பர் மட்டும் தகட்டில் நின்றது. பெயரும் முகவரியும் அரசாங்கத்தின் பதிவேட்டுக்குள் போயின. என்னைக் கேட்டால் ஒரு நம்பர் பிளேட்டில் பாதிதான் வண்டியில் இருக்கிறது. மறுபாதி ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. நான் உட்கார்ந்திருந்தது அந்த மறுபாதியின் பக்கம்.

வண்டியில் இருக்கும் பாதி எப்படியெல்லாம் மாறிவிட்டது என்பதை நம் தலைமுறை கண்ணாலேயே பார்த்திருக்கிறது.

எங்கள் தெருமுனையில் ஒரு பெயிண்டர் இருந்தார். கடைப் பெயர்ப் பலகை, கல்யாணத்துக்கு வாசல் போர்டு, தேர்தல் வந்தால் சுவர் எழுத்து எல்லாம் எழுதுவார். சாப்பாட்டுக்கு நிரந்தர வருமானம் நம்பர் பிளேட்தான். அப்போது சொந்த வண்டிக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. தகரத்தைத் தேய்த்து, கறுப்பு எனாமல் இரண்டு கோட்டு அடித்துக் காயவைப்பார். சாக்பீஸ் தேய்த்த நூலை இழுத்துச் சுண்டினால் நேர்கோடு விழும். இடது கையில் ஒரு குச்சியைப் பிடித்து, அதன் மேல் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு எழுதுவார். கை நடுங்கி நான் பார்த்ததில்லை. பள்ளி விட்டு வந்தால் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஒருமுறை ஒரு பணக்காரப் பையன் புது மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து, நம்பரைச் சாய்வாக, வால் வைத்து, பூப்போட்டு எழுதித் தரச் சொன்னான். பெயிண்டர் மறுத்துவிட்டார். "பின்னால வர்றவன் படிக்கணும் தம்பி. ஓட்டுற உனக்குத்தான் உன் நம்பர் தெரியுமே" என்றார். மோட்டார் வாகனச் சட்டத்தை அவர் படித்ததில்லை. ஆனால் சட்டத்தின் சாரம் அதுதான்.

படிக்கும்படி எழுதுவது எவ்வளவு முக்கியம் என்பதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பிரெஞ்சுப் பள்ளியில் ஒன்று என்ற எண்ணுக்கு இடதுபக்கம் நீளமாக ஒரு மேல்கோடு இழுக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள். அதனால் இரண்டும் குழம்பாது. ஆனால் குறுக்குக் கோட்டை அறியாத ஆங்கிலப் பள்ளிக்காரர்களுக்கு என் ஒன்று ஏழாகத் தெரியும்! பதிவுப் பிரிவுக்குப் போன முதல் மாதத்திலேயே என் கையெழுத்தில் இருந்த ஒரு நம்பரைப் பக்கத்து மேசைக்காரர் தப்பாகப் படித்து, ஒருவருடைய வரி ரசீது இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டது. சூப்பரின்டென்டென்ட் என்னைக் கூப்பிட்டு, "ஐயா, உங்க பிரெஞ்சு ஒண்ணை வீட்டுல வச்சுட்டு வாங்க" என்றார். அன்று முதல் வெறும் குச்சி போலத்தான் ஒன்று போடுகிறேன். என் தங்கை பிரான்சிலிருந்து போடும் கடிதத்தில் மட்டும் அந்தப் பழைய ஒன்றைப் பார்த்துக்கொள்வேன்.

1989-ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டெழுத்து மாநிலக் குறியீடு, அலுவலக எண், பிறகு வரிசை என்று நாடு முழுவதும் ஒரே ஒழுங்கு ஏற்பட்டது. நமக்குக் கிடைத்தது பி.ஒய். புதுச்சேரிக்கு 01, காரைக்காலுக்கு 02, மாஹேக்கு 03, ஏனாமுக்கு 04. நான்கு திசையில் சிதறிக் கிடக்கும் நம் பிரதேசம் ஒரே குடும்பம் என்பதை எனக்கு அந்த நம்பர்கள்தான் தினமும் நினைவூட்டின. 2006-ல் பாண்டிச்சேரி புதுச்சேரியாக மாறியபோதும் பி.ஒய். அப்படியே பொருந்தி நின்றது. பலகை மாற்றும் செலவு மிச்சம்.

பிறகு ஸ்டிக்கர் காலம் வந்தது. ரேடியம் துளிகூட இல்லாத ஒன்றை 'ரேடியம் ஸ்டிக்கர்' என்று எல்லோரும் சொன்னார்கள். கணினியில் வெட்டி ஐந்து நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள். சொந்த வண்டிக்கு வெள்ளையில் கறுப்பு, வாடகை வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு என்று நிறமும் மாறியது. எங்கள் பெயிண்டர் நம்பர் பிளேட்டை விட்டுவிட்டு, மீன்பிடிப் படகுகளுக்குப் பெயர் எழுதப் போய்விட்டார். ஸ்டிக்கர் கடைகளில் 'பின்னால வர்றவன் படிக்கணும்' என்று சொல்ல ஆள் இல்லை. காசு கொடுத்தவன் கேட்டதை ஒட்டினார்கள். 8055 என்பதை ஆங்கிலத்தில் 'பாஸ்' என்று படிக்கும்படி வளைத்தார்கள். தலைவர் படம், சாதிப் பெயர், பத்திரிகை, வக்கீல் என்று எல்லாம் தகட்டில் ஏறி, நம்பர் ஒரு மூலைக்குப் போனது.

இப்போது வந்திருப்பது உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். இதற்கான விதி 2001-லேயே திருத்தப்பட்டது. டெண்டர், வழக்கு, மாநிலங்களின் தாமதம் எல்லாம் கடந்து, 2019 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் புது வண்டிகளுக்கு விற்பனையாளரே பொருத்திக் கொடுக்க வேண்டும் என்று ஆனது. வீட்டில் புது வண்டி இருந்தால் ஒருமுறை குனிந்து பாருங்கள். அலுமினியத் தகடு. இடது மேல்மூலையில் அசோகச் சக்கரம் பொறித்த குரோமிய ஹோலோகிராம், இருபது மில்லிமீட்டர் சதுரம். அதற்குக் கீழே நீல நிறத்தில் ஐ.என்.டி. என்ற எழுத்துகள். இன்னும் கீழே, லேசரால் பொறித்த ஒரு வரிசை எண். இது வண்டியின் நம்பர் அல்ல, தகட்டின் சொந்த நம்பர். எழுத்துகள் அச்சில் அழுத்தி மேலே புடைத்திருக்கும். அவற்றின் மேல் சூடாக ஒட்டிய படலத்தில் 'இந்தியா' என்ற ஆங்கிலச் சொல் சாய்வாகத் திரும்பத் திரும்ப வரும். பின்பக்கத் தகட்டை மாட்டும் பூட்டு ஒருமுறைதான் பூட்டும். கழற்ற வேண்டுமானால் உடைக்க வேண்டும். உடைத்தால் மறுபடி பயன்படாது. காராக இருந்தால் முன்கண்ணாடியின் உள்பக்கம் மூன்றாவதாக ஒரு ஸ்டிக்கரும் உண்டு. பெட்ரோலுக்கு வெளிர்நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. மின்சார வண்டிக்குத் தகடே பச்சை. பேத்தியின் வண்டியில் பச்சையில் வெள்ளை எழுத்து.

என் வயதுக்காரர்கள் சிலர் இதைக் குறை சொல்கிறார்கள். எல்லாம் ஒரே அச்சு, அழகில்லை என்கிறார்கள். நான் இதற்கு ஆதரவு. அழகு பார்க்க நம்பர் பிளேட் எதற்கு? என் பெயிண்டரை நினைத்தால் மனசு கஷ்டப்படத்தான் செய்கிறது. ஆனால் அவர் கேட்டதை, அதாவது பின்னால் வருகிறவன் படிக்க வேண்டும் என்பதை, அவருக்குப் பிறகு இந்த அலுமினியத் தகடுதான் ஒழுங்காகச் செய்கிறது.

என் சண்டை வேறு இடத்தில். தகட்டை இவ்வளவு பலமாகச் செய்துவிட்டு, அதன் மறுபாதியை நாமெல்லாம் சேர்ந்து ஓட்டையாக வைத்திருக்கிறோம்.

1978-ல் என் தம்பிக்கு இருபத்திரண்டு வயது. எனக்குப் படிப்பு வந்தது போல அவனுக்கு வரவில்லை. மில்லில் தறி வேலைக்குப் போனான். நைட் ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் சைக்கிளில் வரும்போது, பின்னால் வந்த ஒரு சரக்கு வேன் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கடை திறந்துகொண்டிருந்த ஒரு வெற்றிலைப் பாக்குக் கடைக்காரர் நம்பரைப் பார்த்து, பீடிக்கட்டு சுற்றிய காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். யாரோ ஒரு பெயிண்டர் சுத்தமாக எழுதியிருந்த நம்பர். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

நம்பர் கிடைத்துவிட்டது, இனி நியாயம் கிடைக்கும் என்று நினைத்தோம். போலீஸ் பதிவேட்டைப் பார்த்தது. சொந்தக்காரர் வேறு ஊர்க்காரர். போய் விசாரித்தால், "அந்த வண்டியை வித்து மூணு வருஷம் ஆச்சுங்க" என்றார். யாரிடம்? ஒரு புரோக்கரிடம். புரோக்கர் யாரிடம் விற்றார்? தெரியாது. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கை மாறி கை மாறிப் போயிருக்கிறது. அன்று காலையில் ஓட்டியவன் யார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நஷ்டஈட்டுக்கு வழக்குப் போட்டோம். வாய்தா வாய்தாவாக நான்கு வருடம் நடந்து, கையில் காசில்லாமல் விட்டுவிட்டோம். தம்பிக்கு வலது கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. எட்டு மணி நேரம் தறியில் நிற்க முடியவில்லை. மில் வேலை போயிற்று. ஒரு பெட்டிக்கடையில் உட்கார்ந்து காலத்தைத் தள்ளினான்.

அந்த வேன் ஓட்டியவனைவிட, பெயர் மாற்றாமல் விற்ற அந்த ஆளின் மேல்தான் எனக்குக் கோபம். முப்பது வருடம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். முகம்கூடத் தெரியாது, பதிவேட்டில் இருந்த பெயர் மட்டும்தான் தெரியும்.

இப்போது வெட்கத்தோடு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் இதுவரை நான் எழுதாதது.

1986-ல் முன்பதிவு செய்து காத்திருந்து வாங்கிய என் பஜாஜ் ஸ்கூட்டரை 2007-ல் விற்றேன். வாங்க வந்தவர் மெக்கானிக்குக்குத் தெரிந்தவர். இருபத்தொன்பதாம் படிவம், முப்பதாம் படிவம் இரண்டையும் மெக்கானிக்கே கொண்டுவந்தார். வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. "அவர் ஆதாரம் எல்லாம் எடுத்துட்டு வந்து ஃபில்லப் பண்ணிக்குவார் சார், உங்களுக்கு எதுக்கு அலைச்சல்" என்றார். ஆறு வருடம் அதே படிவங்களைச் சரிபார்த்த நான், அதில் என்ன எழுத வேண்டும் என்று அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்த நான், என் தம்பியின் காலைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த நான், காலி இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். என் நண்பர்கள் அந்த ஆபீசில்தான் இருந்தார்கள். ஒரு நடை போயிருந்தால் முடிந்திருக்கும். வெயிலாக இருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

2009-ல், ரிட்டயர் ஆக ஒரு வருடம் இருக்கும்போது, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தார். என் ஸ்கூட்டரில் மதுப் பாட்டில்களைக் கடத்திக்கொண்டு போன ஒருவன், செக்போஸ்டில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டானாம். நம்மூர் விலைக்கும் அந்தப் பக்கத்து விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் நடக்கும் இந்த வியாபாரத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் என் பெயர். அரசு ஊழியர் மேல் கிரிமினல் வழக்கு வந்தால் பென்ஷன், கிராஜுவிட்டி என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். மெக்கானிக் கடையை மூடிவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. வாங்கியவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

ஸ்டேஷனுக்குத் துணையாகத் தம்பிதான் வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, தடி ஊன்றி நடந்து வந்தான். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சப்-இன்ஸ்பெக்டர், "வித்ததுக்கு என்ன சார் ரெக்கார்டு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, அந்த வேன் வித்தாரே, அவரும் இப்படித்தான் உக்காந்திருப்பாரு, இல்ல?"

அவன் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவனுக்கு அப்படித் தோன்றியது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நல்ல மனிதர்கள் இரண்டு பேர் எனக்காகப் பேசினார்கள். ஓடியவன் இரண்டு மாதத்தில் பிடிபட்டான். வழக்கில் என் பெயர் சேராமல் தப்பியது. அந்த இரண்டு மாதமும் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. தம்பி இறந்து நான்கு வருடம் ஆகிறது. அந்த வேன்காரரை நான் திட்டுவதை நிறுத்தியது அந்த பெஞ்சில்தான்.

தகடு எவ்வளவு நவீனமானாலும் இந்த நோய் தீராது. 2017-ல் கேரளத்தில் எழுந்த விவகாரம் நினைவிருக்கும். வரி குறைவு என்பதற்காக விலையுயர்ந்த கார்களை நம் ஊர்ப் பொய் முகவரிகளில் பதிவு செய்தார்கள் என்று வழக்குகள் வந்தன. அந்தக் கார்களில் நம்பர் பிளேட் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். பொய் பதிவேட்டில்தான் இருந்தது. லேசர் எண்ணும் ஹோலோகிராமும், இந்தத் தகடு அசல் என்று மட்டும்தான் சொல்லும். வண்டி யாருடையது என்று தகடு சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது பதிவேடு. பதிவேட்டுக்குச் சொல்ல வேண்டியது நாம்.

இரண்டாயிரத்துப் பத்தில், ரிட்டயர் ஆன கையோடு, பாரிசுக்குப் பக்கத்தில் கார்ழ் என்ற ஊரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். நம் ஊர்க்காரர்கள் நிறைய இருக்கும் இடம். அதற்கு முந்தின வருடம்தான் அங்கே நம்பர் முறையை மாற்றியிருந்தார்கள். முன்பெல்லாம் நம்பரின் கடைசியில் மாவட்ட எண் வரும். பாரிசுக்கு 75, தங்கை ஊருக்கு 95. வேறு மாவட்டத்துக்குக் குடிபோனால் நம்பரே மாறும். புது முறையில் வண்டிக்கு ஆயுள் முழுக்க ஒரே நம்பர். மாவட்ட எண் ஓரத்தில் ஒரு சின்ன நீலப் பட்டையில் மட்டும் வரும். எந்த மாவட்டத்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எங்கள் மாவட்ட எண்ணைப் பிடுங்காதே என்று அவர்கள் போட்ட சத்தத்துக்குப் பிறகு கிடைத்த சமாதானம் அது. மனிதர்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

நான் இருந்தபோது தங்கை வீட்டுக்காரர் தன் பழைய காரை விற்றார். வாங்க வந்தவர் முன்னால், 'கார்த் கிரீஸ்' என்ற பதிவுச் சீட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டு, விற்றேன் என்று எழுதி, தேதி போட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து மணியும் எழுதினார். "மச்சான், மணி எதுக்கு?" என்று கேட்டேன். "இவர் இங்கேருந்து ஓட்டிக்கிட்டுப் போறப்பவே மோதிட்டா? பத்து நிமிஷம் முன்னாடியா பின்னாடியான்னு தெரியணும்ல" என்றார். பதினைந்து நாளுக்குள் அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். நான் போலீஸ் ஸ்டேஷன் கதையை அவரிடம் சொல்லவில்லை.

நம் சட்டமும் ஒன்றும் குறைந்ததல்ல. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள். தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு. அடிபட்டவர் யாரைத் தேடி அலைவார் என்று கேட்கும் தீர்ப்பு அது. என் தம்பிக்கு நாற்பது வருடம் தாமதமாக வந்தது. 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், வண்டி கைக்கு வந்ததை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் தெருமுனை மெக்கானிக்கின் 'தெரிஞ்சவர்' எந்தச் சான்றும் வாங்கப்போவதில்லை. அங்கே நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நம் வயதில் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் பெரியவர் காலமான பிறகும் வண்டி அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் எனக்கு நிறையத் தெரியும். வாரிசு முப்பது நாளுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் முப்பத்தொன்றாம் படிவத்தில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். 2021 முதல் பதிவுச் சான்றிலேயே நாமினி பெயரைச் சேர்க்கவும் வழி இருக்கிறது. பென்ஷனுக்கு நாமினி போட்டிருக்கிறோம், பேங்க் கணக்குக்குப் போட்டிருக்கிறோம். வண்டிக்கும் போட்டுவிடுங்கள். பழைய வண்டிக்குப் புதுத் தகடு வாங்குவதாக இருந்தால், போனில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். வண்டி ஷோரூமில் நேரில் கேளுங்கள்.

அன்று காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பேத்தியிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். அவளுக்குச் சின்னத் தாத்தாவின் கால் தெரியும், காரணம் தெரியாது. உடனே மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். வண்டி ஏற்கெனவே இரண்டாவது ஆளிடம் போயிருந்தது. மூன்று நாள் தேடிப் பிடித்தோம். கட்டட வேலை செய்யும் ஒரு பையன். பெயர் மாற்ற வேண்டும் என்றால் என்னவோ ஏதோ என்று முதலில் பயந்தான். கட்டணத்தை நாங்களே கட்டுகிறோம் என்று சொன்ன பிறகு வந்தான். விண்ணப்பத்தைக் கணினியில் பேத்தி பதிவேற்றினாள். அச்செடுத்த படிவங்களை நான் ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தேன். காலி இடம் ஒன்றும் இல்லை.

இப்போது அந்த வண்டி அந்தப் பையன் பெயரில் இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் பீரோவைத் திறந்து, நீங்கள் விற்றுவிட்டதாக நினைக்கும் வண்டி இன்னும் யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். வெயிலாக இருந்தால் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.